வன்பொருள் மாற்றமும் இயங்குதள உரிமத்தின் தொடர்ச்சியும்: விண்டோஸ் செயற்படுத்தல் முறையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விலை கொடுத்துப் பெற்ற இயங்குதளம், கணிப்பொறியின் ஓர் உறுப்பு மாற்றப்பட்டவுடன் தன்னை உரிமமற்றதாக அறிவிப்பது பயனர் பலர் எதிர்கொள்ளும் சிக்கலாகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தைக் களமாகக் கொண்டு இச்சிக்கலின் தோற்றத்தையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பந்தம் வழங்கும் உரிமமும் சேவையகம் வழங்கும் செயற்படுத்தலும் இருவேறு நிகழ்வுகள். அவை எப்போதும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், உரிமம், செயற்படுத்தல், தாய்ப்பலகை, வன்பொருள் அடையாளம், ஓஇஎம், சில்லறை உரிமம், மின்னுரிமம்.

முன்னுரை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் வழித்தோன்றலாக 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்க வசதி கொண்ட யூஇஎஃப்ஐ நிலைபொருள், குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட பட்டியலில் இடம்பெறும் செயலி ஆகியவற்றை நிபந்தனையாக்கியது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றுள் பெரும்பாலானவை அப்பட்டியலுக்கு வெளியே நின்றன. ஆகவே, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மேசைக் கணிப்பொறிகளின் உறுப்புகளை மாற்றும் தேவை பலருக்கு எழுந்தது.

இம்மாற்றம் ஓர் உறுப்போடு நிற்பதில்லை. புதிய தலைமுறைச் செயலி பழைய தாய்ப்பலகையில் (கடைவழக்கில் மதர்போர்டு) பெரும்பாலும் பொருந்தாது. எனவே பலகையும் மாற வேண்டும். பலகை மாறினால் பல வேளைகளில் நினைவகமும் மாறும். பெட்டி, மின்வழங்கி, வட்டு, திரை ஆகியன மட்டும் பழையனவாக எஞ்சும். இவ்வாறு பாதி புதிதும் பாதி பழையதுமாக நிற்கும் பொறி முன்னைய கணிப்பொறிதானா என்ற வினாவுக்குப் பயனர் தரும் விடை ஒன்று. உரிம ஒப்பந்தம் தரும் விடை மற்றொன்று. சேவையகம் தரும் விடை இன்னொன்று. மூன்றும் ஒத்துப்போகும்வரை சிக்கல் வெளித்தெரிவதில்லை. அவை முரண்படும்போது பயனர் ஏற்கெனவே வாங்கிய ஒன்றை மீண்டும் விலை கொடுத்து வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

உரிமை, உரிமம், செயற்படுத்தல்

இவ்விடத்தில் மூன்று சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வது இன்றியமையாதது. மென்பொருளின் பதிப்புரிமை அதனை ஆக்கிய நிறுவனத்திடமே இருக்கிறது. பயனர் பெறுவது, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனைப் பயன்படுத்தும் இசைவு. முன்னதை உரிமை என்றும் பின்னதை உரிமம் என்றும் பிரித்து வழங்கும் வாய்ப்புத் தமிழில் இயல்பாகவே அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது ‘ஆக்டிவேஷன்’ எனப்படும் செயற்படுத்தல். அது சட்டச் செயல் அன்று, தொழில்நுட்பச் செயல். ஒரு கணிப்பொறி தன் அடையாளத்தைச் சேவையகத்துக்கு அனுப்ப, அச்சேவையகம் ஏற்றோ மறுத்தோ விடையிறுக்கும் நிகழ்வே செயற்படுத்தல்.

பேச்சுவழக்கில் ‘விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்பதும் ‘உரிமம் இருக்கிறது’ என்பதும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. உண்மையில் உரிமம் இருந்தும் செயற்படுத்தல் மறுக்கப்படலாம். செயற்படுத்தப்பட்டிருந்தும் உரிமம் இல்லாதிருக்கலாம். 2018 நவம்பர் 8 அன்று செயற்படுத்தல் சேவையகங்களில் நேர்ந்த கோளாற்றால், முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 10 புரோ கணிப்பொறிகள் பல உரிமமற்றவை எனக் காட்டப்பட்டன. எந்த உறுப்பும் மாறாத கணிப்பொறிகளும் அன்று பாதிக்கப்பட்டன. நிறுவனம் கோளாற்றைச் சரிசெய்தபின் அவை பழைய நிலைக்குத் திரும்பின. திரையில் தோன்றும் செய்தி உரிமத்தின் சான்று அன்று, சேவையகத்தின் கருத்து மட்டுமே என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்றாகும்.

பத்து உறுப்புகளின் அடையாளம்

இணையத்தின் அல்லது தொலைபேசியின் வழி விண்டோஸைச் செயற்படுத்தும் முறை 2001ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பியுடன் பரவலாயிற்று. கணிப்பொறியிலிருந்து எத்தகைய தகவல் வெளியே செல்கிறது என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அதே ஆண்டு சூலையில் பெர்லின் நகரைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்டு எனும் நிறுவனம், வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பைப் பகுத்தாய்ந்து தன் கண்டறிதல்களை வெளியிட்டது. திரைக்காட்சி அட்டை, ஸ்கசி இணைப்பி, ஐடிஇ கட்டுப்படுத்தி, வலையமைப்பு அட்டையின் முகவரி, நினைவகத்தின் அளவு, செயலியின் வகை, செயலியின் வரிசை எண், வன்வட்டு, வட்டுப் பிரிவின் வரிசை எண், குறுவட்டு இயக்கி ஆகிய பத்துக் கூறுகள் கணக்கில் கொள்ளப்பட்டன என்பது அதனால் தெரியவந்தது.

இக்கூறுகள் அப்படியே அனுப்பப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒருவழிக் கணிதச் சார்பால் சுருக்கப்பட்டு, சில இருமங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. வலையமைப்பு அட்டையின் 48 இரும முகவரிக்கு 10 இருமங்கள் ஒதுக்கப்பட்டன. அதாவது ஏறத்தாழ ஆயிரம் மதிப்புகளே அதற்கு இயலும். நினைவகத்துக்குக் கிடைத்தவை 3 இருமங்கள். ஆகவே நினைவகத்தின் துல்லியமான அளவு பதிவாகவில்லை. அது எந்த அளவெல்லைக்குள் அடங்குகிறது என்பதே பதிவாயிற்று. உலகின் பல கணிப்பொறிகள் ஒரே மதிப்பைத் தரக்கூடும் என்பதால் இவ்வடையாளத்தைக் கொண்டு தனியொருவரைக் கண்டறிவது அரிது. தனியுரிமை நோக்கில் இதனை நேர்மையான வடிவமைப்பு எனலாம்.

மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் எல்லையும் அன்று வெளிப்படையாக இருந்தது. மேசைக் கணிப்பொறியின் வலையமைப்பு அட்டை மாறாதிருந்தால், ஏனைய கூறுகளுள் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவை மாறும்போதே மறுசெயற்படுத்தல் தேவைப்பட்டது. வலையமைப்பு அட்டை மாறியிருந்தாலோ தொடக்கத்திலேயே இல்லாதிருந்தாலோ நான்கு மாற்றங்கள் போதும். ஒரே உறுப்பைப் பலமுறை மாற்றினாலும் அது ஒரு மாற்றமாகவே எண்ணப்பட்டது. இப்பத்தில் தாய்ப்பலகை தனிக் கூறாக இடம்பெறவில்லை என்பது சிறப்பாக நோக்கத்தக்கது. பலகையில் பதிந்துள்ள கட்டுப்படுத்திகளின் வழியே, மறைமுகமாகவே அது கணக்கில் வந்தது.

மின்னுரிமமும் தாய்ப்பலகையும்

2015 சூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 இம்முறையைப் பெரிதும் மாற்றியது. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றின் உரிமம் பெற்ற பயனர்க்கு ஓராண்டுக் காலம் இலவச மேம்படுத்தல் வழங்கப்பட்டது. அவ்வாறு மேம்படுத்தியவர் எவருக்கும் தனிச்சாவி தரப்படவில்லை. கணிப்பொறியின் வன்பொருள் அடையாளமும் அதற்குரிய பதிப்பும் நிறுவனத்தின் சேவையகத்தில் பதிவாயின. இப்பதிவே முதலில் ‘டிஜிட்டல் என்டைட்டில்மென்ட்’ என்றும், 2016 ஆகஸ்டில் வந்த 1607ஆம் பதிப்பு முதல் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்றும் வழங்கப்பட்டது. இதனை இக்கட்டுரை மின்னுரிமம் எனக் குறிக்கிறது.

மின்னுரிமத்தால் விளைந்த நன்மை பெரிது. வன்வட்டு பழுதடைந்தாலும், பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினாலும், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் போதும். செயற்படுத்தல் தானே நிகழும். நிறுவும்போது சாவி கேட்கப்பட்டால் ‘என்னிடம் சாவி இல்லை’ என்பதைத் தேர்ந்து கடந்துவிடலாம். உரிமம் வட்டில் இல்லை, சேவையகத்தில் இருக்கிறது. நினைவகத்தைக் கூட்டுவதும், திரைக்காட்சி அட்டையை மாற்றுவதும் பொதுவாகச் சிக்கலை ஏற்படுத்துவதில்லை.

தாய்ப்பலகையின் நிலை வேறு. குறிப்பிடத்தக்க வன்பொருள் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்புகளில் தாய்ப்பலகை மாற்றத்தையே முன்னிறுத்துகிறது. எக்ஸ்பி காலத்தைப் போல எந்த உறுப்புக்கு எவ்வளவு எடை என்ற கணக்கை நிறுவனம் இப்போது வெளியிடுவதில்லை. எத்தனை உறுப்புகளை மாற்றினால் உரிமம் நிலைக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க 2001இல் பயனருக்கு இருந்த வாய்ப்பு இன்று இல்லை. வசதி கூடியிருக்கிறது, வெளிப்படைத்தன்மை குறைந்திருக்கிறது.

மற்றொரு வளர்ச்சியும் தாய்ப்பலகையின் இடத்தை உறுதிப்படுத்தியது. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், கணிப்பொறி உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு பொறிக்கும் தனித்த சாவியொன்றை நிலைபொருளில், எம்எஸ்டிஎம் எனும் ஏசிபிஐ அட்டவணையில் பதித்துத் தருகின்றனர். மடிக்கணிப்பொறியின் அடியில் முன்பு ஒட்டப்பட்டிருந்த சாவிச்சீட்டு மறைந்ததன் காரணம் இதுவே. நிலைபொருள் இருக்கும் சில்லு தாய்ப்பலகையில் இருக்கிறது; பலகை போனால் சாவியும் உடன் போகிறது. உற்பத்தியாளரின் பணிமனை பலகையை மாற்றும்போது புதிய பலகையில் உரிய சாவியைப் பதித்துத் தரும் ஏற்பாடு உண்டு. வெளிக்கடைகளுக்கு அவ்வசதி இல்லை.

உரிம வகைகள்

கணிப்பொறியுடன் சேர்த்து விற்கப்படும் ஓஇஎம் உரிமம், தனியே வாங்கப்படும் சில்லறை உரிமம், நிறுவனங்களுக்கான தொகுப்பு உரிமம் என மூவகை உரிமங்கள் வழக்கில் உள்ளன. வன்பொருள் மாற்றத்தின்போது இவை மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

ஓஇஎம் உரிமம் முதன்முதலில் நிறுவப்பட்ட கணிப்பொறியுடன் பிணைந்தது; அதனை விற்றால் உரிமமும் உடன் செல்லும், தனியே செல்லாது. உறுப்புகளை மாற்றுவதற்கு ஒப்பந்தம் தடை விதிக்கவில்லை. தாய்ப்பலகைக்கு மட்டும் விலக்கு உண்டு. பலகை பழுதடைந்து, அதே வகையோ உற்பத்தியாளர் ஈடாக ஏற்கும் வகையோ பொருத்தப்பட்டால் பழைய உரிமம் தொடரும். பழுது இல்லாமல், திறன் கூட்டும் பொருட்டுப் பலகை மாற்றப்பட்டால் அது புதிய கணிப்பொறியாகவே கருதப்பட்டுப் புதிய உரிமம் வேண்டப்படும். ஒரே பலகை, ஒரே திருகாணி, ஒரே வேலை. மாற்றியதன் நோக்கம் மட்டுமே உரிமத்தின் உயிரைத் தீர்மானிக்கிறது. நோக்கத்தை அறியும் ஆற்றல் சேவையகத்துக்கு இல்லை. ஆகவே பழுதுக்காக மாற்றியவர் பணிமனைச் சீட்டைப் பாதுகாத்து வைப்பது தேவையாகிறது.

சில்லறை உரிமத்தைப் பயனர் தமக்குரிய மற்றொரு கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம்; முந்தைய பொறியிலிருந்து மென்பொருளை நீக்கிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 2006 அக்டோபரில் விண்டோஸ் விஸ்டாவுக்கான உரிம விதிகள் வெளியானபோது, மற்றொரு கணிப்பொறிக்கு ஒருமுறை மட்டுமே மாற்றலாம் என்ற வரம்பு அதில் இருந்தது. தாமே உறுப்புகளைத் தொகுத்துக் கணிப்பொறி அமைப்போரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழவே, நவம்பர் தொடக்கத்தில் நிறுவனம் அவ்வரம்பை விலக்கியது. இதனையொத்த நிகழ்வு ஆபிஸ் 2013 தொகுப்பிலும் நேர்ந்தது: ஒரே கணிப்பொறிக்கு நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்த சில்லறை உரிமம், 2013 மார்ச்சில் மாற்றத்தக்கதாக ஆக்கப்பட்டது. உரிம விதிகள் இயற்கை விதிகள் அல்ல. பயனரின் எதிர்க்குரலால் அவை திருத்தப்பட்டுள்ளன.

1607க்குப் பிந்தைய பதிப்புகளில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையுடன் ‘/டிஎல்வி’ எனச் சேர்த்து இயக்கினால் உரிமத் தடம் தெரியும். ‘ஓஇஎம்_டிஎம்’ என்றிருப்பின் நிலைபொருளில் பதிந்த சாவி என்றும், ‘வால்யூம்’ என்றிருப்பின் தொகுப்பு உரிமம் என்றும் கொள்ளலாம். ஆயின் ‘ரீட்டெயில்’ எனக் காட்டினால் உடனே மகிழ்ந்துவிடலாகாது. இலவச மேம்படுத்தலால் மின்னுரிமம் பெற்ற பொறிகள் அனைத்திலும் ஒரே பொதுச்சாவிதான் அமர்ந்துள்ளது. புரோ பதிப்பில் அது 3வி66டி என முடியும். அப்பொதுச்சாவி ‘ரீட்டெயில்’ தடத்தைச் சேர்ந்தது. மடிக்கணிப்பொறியுடன் வந்த விண்டோஸ் 7 ஓஇஎம் உரிமத்திலிருந்து மேம்படுத்தப்பட்ட பொறியும் எனவே ‘ரீட்டெயில்’ என்றே காட்டும். அதனால் அது மாற்றத்தக்க உரிமம் ஆகிவிடாது. அந்த இலவச மேம்படுத்தல் ‘அக்கருவியின் ஆதரவுக் காலம் வரை’ என்ற வரையறையுடனேயே வழங்கப்பட்டது. சாவியைக் கண்டெடுத்துத் தரும் சிறு மென்பொருள்களைக் கொண்டு இச்சாவியைக் குறித்து வைத்துக்கொண்டு, உரிமத்தைப் பாதுகாத்துவிட்டதாக நம்புவோர் உளர். அவர்கள் குறித்து வைத்திருப்பது உலகில் எண்ணற்ற கணிப்பொறிகளில் உள்ள சாவி. கட்டளையைவிட விலைச்சீட்டே நம்பத்தக்க சான்று.

பல்கலைக்கழக ஆய்வகங்களில் காணப்படுவது தொகுப்பு உரிமம். கேஎம்எஸ் முறையில் ஒவ்வொரு கணிப்பொறியும் நிறுவனத்தின் உள்சேவையகத்திடம் 180 நாள் இசைவு பெற்று, ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும். பலகையை மாற்றினாலும் அது மீண்டும் சேவையகத்தை அணுகிச் செயற்பட்டுவிடும். தொழில்நுட்ப நோக்கில் சிக்கலே இல்லை. ஆனால் தொகுப்பு உரிமத்தின் வழிப் பெறப்படும் விண்டோஸ் மேம்படுத்தல் உரிமமே ஆகும். அதன் கீழே தகுதியுடைய அடிப்படை உரிமம் ஒன்று ஒவ்வொரு பொறிக்கும் இருத்தல் வேண்டும். அவ்வடிப்படை உரிமம் ஓஇஎம் வகையாயின், திறன் கூட்டுவதற்காகப் பலகையை மாற்றும்போது அடித்தளமே நீங்குகிறது. கணிப்பொறிகள் எல்லாம் செயற்பட்ட நிலையில் இருக்க, உரிமத் தணிக்கையில் மட்டும் குறை வெளிப்படும்.

சட்டம் வேறாகக் கூறும் நிலங்கள்

ஒப்பந்தம் எழுதியபடியே சட்டமும் ஏற்கும் என்பதில்லை. ஓஇஎம் மென்பொருளைக் கணிப்பொறியிலிருந்து பிரித்து விற்றது குறித்த வழக்கில், செருமனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2000 சூலை 6 அன்று, உரிமையாளரின் இசைவுடன் ஒருமுறை சந்தைக்கு வந்த படியின் அடுத்தடுத்த விற்பனையை அத்தகைய கட்டுப்பாட்டால் தடுக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 சூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், கால வரம்பற்ற உரிமத்துடன் விற்கப்பட்ட மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் எனவும், விற்பவர் தம் படியைப் பயனற்றதாக்க வேண்டும் எனவும் கூறியது. அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில், கடும் கட்டுப்பாடுகளுடன் மென்பொருள் பெற்றவர் உரிமம் பெற்றவரே அன்றி உடைமையாளர் அல்லர் என்ற நிலையை எடுத்தது. நாடு மாறினால் விடையும் மாறுகிறது; சேவையகம் மட்டும் எல்லா நாட்டினருக்கும் ஒரே விடை தருகிறது.

மாற்றத்திற்கு முன்

பயனர் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பகுதி பழைய பலகை உயிரோடு இருக்கும்போதே செய்யத்தக்கது. 1607ஆம் பதிப்பு முதல் மின்னுரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கலாம். அமைப்புகளில் செயற்படுத்தல் பக்கத்தைத் திறந்து, நிருவாகி நிலையில் கணக்கைச் சேர்த்தால், ‘உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைந்த மின்னுரிமத்தால் விண்டோஸ் செயற்படுத்தப்பட்டுள்ளது’ என்ற பொருள்படும் செய்தி தோன்றும். இவ்வரியில் ‘கணக்குடன் இணைந்த’ என்ற பகுதி இல்லையெனில் இணைப்பு நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும். பலகை எரிந்துபோன பின்னர் இவ்விணைப்பைச் செய்ய வழியில்லை. கணிப்பொறிக்கு அடையாளம் காணத்தக்க பெயர் இடுவதும் நன்று. பின்னர்த் தோன்றும் பட்டியலில் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் நான்கு இருப்பின், எது பழைய பொறி என்று தெரியாது மயங்க நேரும்.

உரிமத்தைவிடப் பெரிய இழப்பொன்றும் இங்கே காத்திருக்கிறது. வட்டு பிட்லாக்கர் அல்லது கருவிக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அதன் திறவு டிபிஎம் சில்லைச் சார்ந்தது. பலகையோ, சில பொறிகளில் செயலியோ மாறும்போது அச்சார்பு அறுந்து, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். அது கையில் இல்லையெனில் வட்டிலுள்ள ஆய்வேடும் ஒளிப்படங்களும் மீளா. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் புதிதாக அமைக்கப்படும் கணிப்பொறிகளுள் மிகப் பலவற்றில் இக்குறியாக்கம் தானே தொடங்குவதால், தம் வட்டு பூட்டப்பட்டுள்ளது என்பதையே அறியாத பயனர் பலர். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை இடைநிறுத்திய பின்னரே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

மாற்றத்திற்குப் பின்

புதிய பலகையுடன் கணிப்பொறி எழுந்ததும், வன்பொருள் மாறிவிட்டதாகக் கூறும் பிழைச்செய்தி தோன்றலாம். செயற்படுத்தல் பக்கத்திலுள்ள சிக்கல்தீர்ப்பியை இயக்கி, ‘அண்மையில் இக்கருவியின் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்து, முன்பு இணைத்த கணக்கில் நுழைந்தால் கருவிகளின் பட்டியல் வரும். பழைய பொறியின் பெயரைச் சுட்டி, இப்போது பயன்படுத்தும் கருவி இதுவே என உறுதிசெய்ய வேண்டும். இம்முயற்சி தோற்பதற்குப் பெரும்பாலும் பதிப்பு வேறுபாடே காரணம்: பழைய பொறியில் ஹோம் இருக்க, புதிதாக நிறுவியது புரோவாக இருப்பின் உரிமம் பொருந்தாது. கணக்கு வேறாக இருத்தல், பழைய பொறி முன்பு செயற்படுத்தப்படாதிருத்தல், மறுசெயற்படுத்தலுக்கான எண்ணிக்கை வரம்பை எட்டியிருத்தல், கருவி நிறுவனமொன்றின் நிருவாகத்தில் இருத்தல் ஆகியனவும் தடையாகலாம்.

சில்லறைச் சாவி கையிலிருப்பவர் அதனை நேரடியாக உள்ளிடலாம். பழைய பலகை வேறொரு கணிப்பொறியாக உயிர்பெறப் போகிறதெனில், அங்கே ‘/யுபிகே’ கட்டளையால் சாவியை முன்னரே நீக்கிவிடுதல் ஒப்பந்தத்துக்கு இசைந்த செயல். கணக்குடன் இணைத்ததால் ஓஇஎம் உரிமம் சில்லறை உரிமமாக மாறிவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லா வழிகளும் அடைபட்டாலும் கணிப்பொறி நின்றுவிடாது. எக்ஸ்பி காலத்தில் மறுசெயற்படுத்த மூன்று நாளே தவணை கிடைத்தது. அதன்பின் உள்நுழைய இயலாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் திரையின் மூலையில் நீர்க்குறி தோன்றும். தோற்ற அமைப்புகள் பூட்டப்படும். ஏனைய பணிகள் தொடரும். இத்தளர்வு மற்றொரு சந்தைக்கு இடம் தந்துள்ளது. மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் சாவிகளுள் பல, நிறுவனங்களின் தொகுப்பு உரிமத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. அவை முதல்முறை செயற்படக்கூடும். அடுத்த பலகை மாற்றத்தின்போது உதவா.

வேற்றுப் பலகை

காப்புறுதிக் காலம் கடந்த மடிக்கணிப்பொறிகளுக்குப் புதிய பலகை கிடைப்பது அரிது. பழுதுபார்ப்புக் கடைகள், உடைந்த வேறொரு மடிக்கணிப்பொறியிலிருந்து கழற்றிய அதே வகைப் பலகையைப் பொருத்தித் தருவது வழக்கம். அப்பலகையின் நிலைபொருளில் அதன் முன்னைய பொறிக்குரிய சாவி இருக்கிறது. விண்டோஸை நிறுவும்போது நிறுவல் நிரல் அச்சாவியைப் படித்து, அதற்குரிய பதிப்பையே தானாகத் தேர்கிறது. கணிப்பொறி இணையத்தில் சேர்ந்தவுடன் செயற்படுத்தலும் நிகழ்ந்துவிடுகிறது. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை.

ஒப்பந்தத்தின்படி அவ்வுரிமம் உடைந்துபோன பொறிக்குரியது. பழுதுக்காக, ஒத்த வகைப் பலகையால் மாற்றப்பட்டதால் பயனரின் பழைய ஓஇஎம் உரிமமும் ஒப்பந்தப்படி தொடர வேண்டியதே. ஆகவே பயனருக்கு உரிமம் இருக்கிறது. ஆனால் செயற்படுத்தியது அவ்வுரிமம் அன்று. பலகையின் பழைய பொறியில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பும், பயனரின் பொறியில் புரோ பதிப்பும் இருந்திருந்தால், கடையிலிருந்து திரும்பும் கணிப்பொறி ஒரு படி தாழ்ந்த பதிப்புடனேயே வரும். கடைக்காரர் தவறு செய்யவில்லை. நிறுவல் நிரலும் தனக்கு இடப்பட்ட பணியையே செய்தது. புரோவுக்குக் கொடுத்த விலை மட்டும் அகற்றிய பலகையோடு கழிவுப்பெட்டிக்குச் செல்கிறது.

இந்நிலையில் பழைய பொறியின் மின்னுரிமம் முன்பே கணக்குடன் இணைக்கப்பட்டிருந்தால், புரோ பதிப்புக்குரிய பொதுச்சாவியை இட்டு அப்பதிப்புக்கு மாறியபின் சிக்கல்தீர்ப்பியின் வழி முயலலாம். இணைக்கப்படாதிருந்தால் உற்பத்தியாளரையோ மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தையோ அணுகுவதே எஞ்சும் வழி. அப்போது கேட்கப்படக்கூடியவை கணிப்பொறியின் வரிசை எண்ணும், வாங்கிய விலைச்சீட்டும், பலகை பழுதடைந்ததைக் குறிக்கும் பணிமனைச் சீட்டும். எனவே கணிப்பொறியைக் கடையில் ஒப்படைக்கும்போதே, அகற்றும் பலகையின் எண், பொருத்தும் பலகையின் எண், மாற்றத்துக்கான காரணம் ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுதல் வேண்டும்.